எண்ணெய், எரிவாயு வேலைக்கு எங்கே தொடங்குவது? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவை. நானும் அந்தக் கரையில் பிறந்தவன். முப்பது வருடம் எரிவாயு நிலையங்களில் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெட்ரோலியம் பொறியியல் எடுக்காமல் விட்டது தவறோ என்று தோன்றுகிறது. இந்தத் துறைக்குள் நான் வர முடியுமா? – உச்சிப்புளி மாணவர்

தாராளமாக வரலாம் தம்பி. பெட்ரோலியம் படித்தவரின் வேலை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான்: எங்கே எவ்வளவு இருக்கிறது, எப்படித் துளைப்பது, கிணற்றிலிருந்து எவ்வளவு வேகத்தில் எடுப்பது. வாயு தரைக்கு மேலே வந்துவிட்டால் மற்றவர்களின் ராஜ்ஜியம் தொடங்கிவிடுகிறது.

இதற்கு நீங்கள் மும்பை போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பெருங்குளம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி, வாலாந்தரவை என்று உங்கள் வீட்டைச் சுற்றியே ஓஎன்ஜிசியின் எரிவாயுக் களங்கள் இருக்கின்றன. அந்த வாயு வழுதூர் மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு பிரிவுகளும் சேர்ந்து 187 மெகாவாட். வாயுவை எரித்து ஒரு டர்பைன் சுழல்கிறது. அது வெளியே தள்ளும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைன் சுழல்கிறது. கிணற்றுத் தலையிலிருந்து மின்கம்பி வரை இந்த வழியை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வாயுவையும் நீரையும் பிரிக்கும் கலம் கெமிக்கல்காரருடையது. கம்ப்ரெசரும் டர்பைனும் உங்களுடையவை. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து சொல்பவர் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர். அடித்தளம் போட்டவர் சிவில். ஒரு கிணற்றுக்குப் பின்னால் இத்தனை படிப்பு நிற்கிறது.

பெட்ரோலியம் பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தன்பாத் ஐஐடியிலோ, விசாகப்பட்டினத்தில் இருக்கும் இந்தியப் பெட்ரோலியம் மற்றும் எரிசக்தி நிறுவனத்திலோ இடம் கிடைத்தவர் தயங்காமல் சேரட்டும். ஆனால் அந்தப் பட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய் விலை சரிந்தால் முதலில் நிற்பது துளையிடும் வேலைதான். 2014-இல் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போனது. துளையிடும் இயந்திரங்களான ரிக்குகள் வரிசையாக நிறுத்தப்பட்டன, பெட்ரோலியம் படித்த நல்ல பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கல்காரருக்கு அந்த நேரத்தில் சிமென்ட் ஆலையோ, உர ஆலையோ, மின் நிலையமோ கை கொடுக்கும்.

பொதுத்துறை வேலை வேண்டுமானால், பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வுக்கு இப்போதே உட்காருங்கள். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எந்த நிறுவனம் எந்த ஆண்டு கேட் மதிப்பெண்ணில் எடுக்கிறது, எது தனித்தேர்வு வைக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அறிவிப்பைப் படிக்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள்.

கூடவே ஒன்று செய்யுங்கள். கல்லூரிப் பட்டறையில், இரண்டு குழாய்களை இணைக்கும் எட்டு போல்ட் உள்ள ஒரு ஃபிளாஞ்சை உங்கள் கையால் பிரித்து, நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றி, மறுபடி மூட்டுங்கள். போல்ட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கினால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே உள்ளது. அதுவும் ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று நான்கு சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், பட்டத்தோடு போன எனக்கு இது தெரியவில்லை. எட்டாவது மட்டுமே படித்த ஒரு ஃபிட்டர் அண்ணன் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிச் செய்து காட்டினார். இன்றைக்கும் அவரைத்தான் என் முதல் ஆசிரியர் என்று சொல்வேன்.

மகன் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கத்தாரில் கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடையில் வேலை என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். இரண்டரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கொடுக்கலாமா? – கீழக்கரைத் தந்தை

கொடுக்காதீர்கள் ஐயா.

கீழக்கரைக்குச் சபுர், அதாவது பிழைக்க வெளிநாடு, போவதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகப் போன ஊர். ஆனால் தெரிந்தவர், சொந்தக்காரர், பள்ளித்தோழர் என்ற உறவை நம்பித்தான் நம் ஊர்களில் பணம் போயிருக்கிறது. அதனால் உறவை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது பணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இரண்டரை லட்சம் என்று வாயெடுத்தவுடனேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் முகவரின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது.

இரண்டாவது விசா. விசிட் விசாவில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பதில் அந்தப் ‘பிறகு’ வராவிட்டால் உங்கள் மகன்தான் அகப்பட்டுக்கொள்வார், முகவர் அல்ல. வேலை விசாவாக இருந்தாலும் அதில் என்ன தொழில் எழுதியிருக்கிறது என்பதை அரபி தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் இளமையில் ஒரு நிறுவனம் என்னைப் பொறியாளர் என்று சொல்லி எடுத்தது. இறங்கிய பிறகுதான் தாளில் ‘உதவியாள்’ என்று இருந்தது தெரிந்தது. சம்பளமும் அந்தத் தாளின்படிதான். இரண்டு வருடம் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டம் படித்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அது சலுகைதான். ஆனால் படிக்காத தொழிலாளியின் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன் அரசு ஒருமுறை பார்க்கிறது. உங்கள் மகனுடையதை யாரும் பார்க்கமாட்டார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமே இல்லாத புதுப் பட்டதாரியைக் கடல் மேடைக்கு நேராக எடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் அரிதினும் அரிது. இங்கே ஏதாவது ஓர் ஆலையில் இரண்டு மூன்று வருடம் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் போனால் பணம் கேட்பவர் இல்லாமலே கூப்பிடுவார்கள். காத்திருக்கும் நேரத்தில் அவருடைய கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவுக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று விசாரித்து, சான்றிதழ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2018-இல் குவைத் அந்த அங்கீகாரத்தைக் கேட்கத் தொடங்கியபோது, அங்கே பல வருடம் பொறியாளராக இருந்த நம்மவர்களே குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் தவித்தார்கள்.

பைப்பிங், என்டிடி (பொருளை உடைக்காமல் குறை கண்டறியும் சோதனை), க்யூஏ-க்யூசி (தரக் கட்டுப்பாடு), சேஃப்டி எல்லாம் சேர்த்து ஆறு சான்றிதழ், மூன்று மாதம், ஒரு லட்சம் என்கிறார்கள். சேரலாமா? – ஏர்வாடி வாசகர்

மூன்று மாதத்தில் ஆறு சான்றிதழ் வாங்கலாம்; ஆறு தொழில் கற்க முடியாது. ஆள் எடுப்பவருக்கும் அது தெரியும். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) நடத்துவது போன்ற ஆய்வாளர் தேர்வுகளை எழுதுவதற்கே களத்தில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். புதிதாக முடித்தவருக்கு அதன் ‘பயிற்சி’யை விற்பவர் உங்களுக்குப் பயன்படாத பொருளை விற்கிறார். பற்றவைப்பு ஆய்வில் உண்மையான விருப்பம் இருந்தால் என்டிடி மட்டும் ஒழுங்காகப் படியுங்கள். அதுவும் கருவியைத் தொட்டுப் பழக விடும் இடத்தில்.

பாதுகாப்புப் படிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைச் சான்றிதழாக மட்டும் பார்ப்பது என் மனத்தைச் சுடுகிறது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். தொடக்கம் மிகச் சிறியது. ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். குழாயின் திறந்த வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். வால்வு இல்லை என்று சொல்லும் பர்மிட் தாள் இரவு ஷிஃப்டின் கண்ணில் படவில்லை. மற்ற பம்ப் நின்றுபோனதும் வால்வு கழற்றிய இந்தப் பம்ப்பை ஓட்டினார்கள். தகடு மூடிய வாய் வழியே கசிந்தது வெடித்தது.

அந்தத் தாளை எழுதுவதும், அடுத்த ஷிஃப்டில் வருபவரிடம் முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவதும்தான் உங்கள் முதல் வேலையாக இருக்கும். காற்றில் மீத்தேன் ஐந்து சதவீதத்துக்கும் பதினைந்து சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் காற்றில் நூறு பிபிஎம்மை (பத்து லட்சத்தில் நூறு பங்கை) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பவர் விழுந்துவிடுவார். இதையெல்லாம் சொல்லித்தரும் இடமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கெமிக்கல் இறுதியாண்டு. பெண்ணை ஃபீல்டுக்கு அனுப்பமாட்டார்கள், அலுவலகத்தில்தான் உட்காரவைப்பார்கள் என்கிறார்கள். உண்மையா? – தேவிபட்டினம் மாணவி

முன்பு அது ஓரளவு உண்மை மகளே. சட்டமே அப்படி இருந்தது. எண்ணெய்க் கிணறுகள் நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்குள் வந்தன. அந்தச் சட்டம் இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. 2019-இல் மத்திய அரசு அதைத் தளர்த்தியது: எழுத்து மூலம் சம்மதமும், தக்க பாதுகாப்பும் வசதிகளும் இருந்தால் தரைக்கு மேலுள்ள வேலைகளில் இரவிலும் இருக்கலாம். கடல் மேடைகளிலும் பெண் பொறியாளர்கள் போய்வருகிறார்கள்.

சட்டம் மாறியும் சில மேலாளர்களின் மனம் மாறவில்லை. முதல் வருடமே ‘உங்களுக்கு எதற்கம்மா வெயில்’ என்று மேசையைக் காட்டுவார்கள். அது அன்பு போலத் தோன்றும். ஏற்றுக்கொண்டால் ஐந்து வருடம் கழித்துப் பதவி உயர்வின்போது ‘கள அனுபவம் இல்லையே’ என்று அதே வாய் சொல்லும். ஃபீல்டைக் கேட்டு வாங்குங்கள்.

டிப்ளமோ மெரைன் முடித்தேன். அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். கடல் பழக்கம் எனக்கு உதவுமா? – பாம்பன் வாசகர்

உதவும், ஒரு இடத்தில் காலையும் வாரும். கடல் மேடைக்குப் போகிறவர்கள் ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் தப்பிக்கும் பயிற்சி எடுக்க வேண்டும். நீச்சல்குளத்தில் ஒரு கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்காரவைத்து, மூழ்கடித்துத் தலைகீழாகத் திருப்புவார்கள். கடலில் வளர்ந்த பிள்ளையின் உடம்பு உடனே பெல்ட்டை அவிழ்த்து மேலே நீந்தப் பார்க்கும். அதுதான் ஆபத்து, தலைகீழாக இருக்கும்போது மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஒரு கை ஜன்னல் விளிம்பை விடக்கூடாது. கூண்டு அசைவது முற்றிலும் நின்ற பிறகே பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். அந்தக் கையைப் பிடித்தபடி வெளியேற வேண்டும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் மற்றதில் நீங்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்பீர்கள். மேடைகளுக்குச் சரக்கும் ஆளும் கொண்டுபோகும் துணைக் கப்பல்களில் உங்கள் படிப்புக்கு நேரடியாகவே இடம் உண்டு. நிறக்குருடு இருக்கிறதா என்று கண்ணை மட்டும் இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிராமத்தில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்று கூட்டம் போடுகிறார்கள். நான் அந்தத் துறைக்குப் படித்தால் ஊருக்குத் துரோகம் செய்வதாகுமா? – பெரியபட்டினம் பக்கத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்று கேட்டவர்

இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

ஊர்க்காரர்களின் அச்சம் வெறும் வதந்தியால் வந்ததல்ல. 2020-இல் காவிரிப் படுகைக்கு வேளாண் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நம் மாவட்டம் அதற்குள் வரவில்லை. 2025-இல் மாவட்டத்தில் இருபது சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி என்ற செய்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொன்னது. கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள்.

எனக்கு இதில் நினைவுக்கு வருவது தண்ணீர். என் அம்மா மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் முகந்து குடத்தில் ஊற்றுவார். ஒரு குடம் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்பு. இவ்வளவு மெல்லிய நன்னீர்ப் படலத்தைத் துளைத்துக்கொண்டுதான் எரிவாயுக் கிணறு கீழே போகிறது. அந்தப் படலத்தைக் காப்பது, துளைக்குள் இறக்கும் எஃகுக் குழாயும் அதற்கும் மண்ணுக்கும் நடுவே நிரப்பும் சிமென்டும்தான். சிமென்ட் எல்லா இடத்திலும் பிடித்திருக்கிறதா என்று ஒலி அலை விட்டு அளந்து பார்ப்பார்கள். அளவு சரியில்லை என்றால் ‘வேலையை நிறுத்து, மறுபடி போடு’ என்று ஒரு பொறியாளர் கையெழுத்திட வேண்டும். நிறுத்தினால் ரிக்கின் நாள் வாடகை வீணாகும். மேலிருந்து தொலைபேசி வரும்.

அந்த நாற்காலியில் ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. கிணறு வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்க ஊருக்கு உரிமை உண்டு. அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள், படித்ததை அங்கே போய்ச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

வருகிற வாரம் நேர்முகத் தேர்வு. இன்ஸ்ட்ருமென்டேஷன். என்ன கேட்பார்கள்? – தொண்டி வாசகர்

அளவுக் கருவி அனுப்பும் மின்னோட்டம் ஏன் 4 முதல் 20 மில்லிஆம்பியர், ஏன் 0-வில் தொடங்கவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். அழுத்தம் சுழியாக இருந்தாலும் 4 வரும். கம்பி அறுந்தால்தான் 0 வரும். இரண்டையும் பிரித்தறியத்தான் அந்த ஏற்பாடு. அடுத்த கேள்வி இதுவாக இருக்கும்: 0 முதல் 10 பார் வரை அளக்கும் கருவி 12 மில்லிஆம்பியர் காட்டினால் அழுத்தம் எவ்வளவு? தாள் கேட்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: 12 என்பது 4-க்கும் 20-க்கும் நட்டநடு, அதனால் 5 பார்.