முட்டி தேய்ந்தவர்கள் நடக்கவே கூடாதா?

"அம்மாவுக்கு 56 வயசு. முட்டி தேய்ஞ்சுடுச்சு என்கிறார்கள். நடந்தால் இன்னும் தேயும் என்று உட்கார வைத்திருக்கிறோம், சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. தயவுசெய்து நடக்க விடுங்கள்.

எங்களுக்குக் கடலூர் மாவட்டம், பண்ருட்டிப் பக்கம். என் அம்மா முப்பது வருஷம் தரையில் குந்தி முந்திரிக்கொட்டை உடைத்தவர். எழும்போது வலது கையைத் தொடையில் ஊன்றுவார். பாதி எழுந்ததும் அப்படியே ஒரு நொடி நிற்பார். முட்டிக்குள் 'கறக்' என்று கேட்கும். காட்டப்போன இடத்தில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "வயசாச்சு, தேய்மானம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஒரு வருஷம் அம்மாவை நாங்கள் நடக்க விடவில்லை. தொடை இளைத்தது, வலி கூடியது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

நான் உயிர்வேதியியல் படித்தவள். பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருப்பது குருத்தெலும்பு. அது சைக்கிள் டயர் மாதிரி உராய்ந்து தேய்கிற பொருள் இல்லை. அதற்குள் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. கொலாஜன் இழைகளையும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகனையும் உண்டாக்குவது அவைதான். 'தேய்மானம்' என்று சொல்கிற இந்த நோய் வந்த மூட்டில் அதே செல்கள் எம்எம்பி-13, அடம்ட்ஸ்-5 போன்ற நொதிகளை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. முதல் நொதி கொலாஜனையும், அடுத்தது அக்ரிகனையும் வெட்டுகிறது. அடம்ட்ஸ்-5 வேலை செய்யாத எலிகளுக்கு முட்டி மூட்டை வேண்டுமென்றே நிலைகுலைய வைத்துப் பார்த்தபோதும் சேதம் வெகுவாகக் குறைந்திருந்ததை 2005இல் காட்டினார்கள். ஆனால் அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்த சோதனையில் பலன் கிடைக்கவில்லை. அதைப் படித்த அன்று மனசு விட்டுப்போனது.

நடைக்கு வருகிறேன். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது மூட்டு நீரை உள்ளே இழுத்துத்தான் அது சாப்பிடுகிறது. உட்கார்த்தியே வைத்தால் பட்டினிதான்.

இந்த முட்டி நோய்க்கு வயசு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். வயசையும் உடல் எடையையும் கணக்கில் எடுத்த பிறகும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இந்த நோய் அங்கே இரண்டு மடங்காகியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களிடம் நடந்த ஆய்வில் (1992) சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு வலியோடு கூடிய முட்டி நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. இளவயதில் தினமும் வெகுநேரம் குந்தியவர்களுக்கு இது அதிகம் என்று பெய்ஜிங் ஆய்வு சொன்னது. அதைப் படித்ததும் அம்மா குந்தி முந்திரிக்கொட்டை உடைத்ததுதான் கண்முன் வந்தது.

இப்போது அம்மாவுக்கு வேலை செய்ய இடுப்பு உயர மேஜை, ஸ்டூல். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிப்பார். சாயங்காலம் கோயில் வரை நடை. சத்தம் இன்னும் கேட்கிறது, ஆனால் பாதியில் நிற்பதில்லை.

உங்கள் அம்மாவுக்கு முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, முதலில் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் இன்று சாயங்காலமே தெருமுனை வரை கூட்டிப் போங்கள்.