வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் மிக மோசமான சீசன் எந்த அணியுடையது? ஏன் அப்படி ஆனது?

1974-75இல் வாஷிங்டன் கேபிடல்ஸ். 80 ஆட்டங்களில் 8 வெற்றி, 67 தோல்வி, 5 டிரா. வாங்கிய கோல்கள் 446!

வீரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அது அவர்களின் முதல் சீசன். பழைய அணிகள் நல்ல ஆட்களைத் தக்கவைத்துக்கொண்டன. மிச்சமிருந்தவர்களைத்தான் கேபிடல்ஸும் இன்னொரு புது அணியான கான்சஸ் சிட்டி ஸ்கௌட்ஸும் பங்கிட்டுக்கொண்டன. போதாக்குறைக்கு, என்எச்எல்லுக்குப் போட்டியாக இருந்த டபிள்யூஎச்ஏ லீக்கும் வீரர்களை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள் வேறு.

வெளியூரில் தொடர்ந்து 37 தோல்வி. அப்புறம் 1975 மார்ச் 28 அன்று கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸை 5-3 என வென்றார்கள். உடைமாற்றும் அறையிலிருந்த குப்பைத்தொட்டியையே என்எச்எல் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை மாதிரித் தூக்கிப்பிடித்துக் கொண்டாடினார்கள். எனக்கு அந்த அணியைப் பிடித்துப்போனது அதனால்தான்.