வீட்டுப் பிள்ளையாரிலிருந்து சிற்பக்கூடம் வரை

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன், நான்கு வயதிலிருந்தே சப்பாத்தி மாவிலும் களிமண்ணிலும் உருவங்கள் பிடித்து வருகிறான். ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சதுர்த்திப் பிள்ளையார் அவன் கைவேலைதான். இப்போது சிற்பியாகத்தான் ஆவேன் என்கிறான். சம்மதிக்கலாமா?
– வாசகி ஒருவர், மயூர் விஹார், தில்லி

பதில்: சம்மதிக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையாரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளங்கை அளவு உருவத்தை மண்ணே தாங்கிக்கொள்ளும். அதையே மூன்றடிக்கு எழுப்பினால் தன் எடையாலேயே சரிந்துவிடும் என்பதால், உள்ளே இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போல ஒன்றைக் கட்டி, அதன்மேல் மண்ணை அப்பி உருவத்தை முடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, பிறகு ஃபைபரிலோ உலோகத்திலோ வார்க்க வேண்டியிருக்கும். சுடுமண் உருவம் என்றால் உட்புறத்தைக் குடைந்தெடுக்க வேண்டும். தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கிவிட்டால் சூளையில் வெடித்துவிடும். சிற்பியின் நாள்களில் பெரும்பகுதி இத்தகைய அலுப்பூட்டும் வேலைகளிலேயே கழிகிறது. இந்த விடுமுறையில் கம்பி கட்டி இரண்டடி உருவம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். முதல் முறை அது அநேகமாகச் சரியும். மறுநாள் காலையில் அவன் மீண்டும் மண் பிசைய உட்காருகிறானா என்று பாருங்கள். எனக்கு அவனுடைய மதிப்பெண்ணைவிட அதுவே முக்கியமாகப் படுகிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான்காண்டு பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) படிப்பு உண்டு. 1942-இல் தொடங்கப்பட்ட தில்லி கலைக் கல்லூரி, திலக் மார்க்கில், உங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. கோயில் சிற்பத்தில் மனம் செல்வதானால் மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே முகத்தின் நீளத்தை ஒரு 'தாளம்' என்று கொண்டு முழு உடலையும் அளக்கும் மரபு வேறு, தில்லியில் கற்பிக்கப்படும் நவீனச் சிற்பம் வேறு. வருமானம் சீராக வராது. பல சிற்பிகள் ஆசிரியப் பணியோடு சேர்த்தே இக்கலையைத் தொடர்கிறார்கள். இடமும் ஒரு சிக்கல்தான்; அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கல் உடைக்க முடியாது. இதற்காகவே மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமி கிழக்குக் கைலாஷ் அருகே கர்ஹியில் கலைக்கூடங்களை நடத்துகிறது. அவனை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: காந்தியின் தண்டி யாத்திரையைக் காட்டும் தில்லியின் 'கியாரா மூர்த்தி' (பதினோரு உருவங்கள்) சிலையையும் மெரினாவின் உழைப்பாளர் சிலையையும் செய்தவர் ஒருவர்தானா?
– வாசகர் ஒருவர், ஆர்.கே. புரம்

பதில்: ஒருவர்தான்: 1899-இல் பிறந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர் பின்னர் சிற்பத்துக்கு வந்தார். 1957 வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தார். உழைப்பாளர் சிலை 1959-இல் திறக்கப்பட்டது. அவருக்கு மல்யுத்தத்திலும் ஈடுபாடு இருந்தது. பாறையை நகர்த்தும் அந்த நால்வரின் முதுகுத் தசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.