12 டிபிஐ ஆன்டெனா கீழ்த்தளத்துக்குச் சிக்னல் தருமா?
வேளச்சேரியில் மூன்று மாடி வீடு. மொட்டை மாடியில் உள்ள ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) 12 டிபிஐ ஓம்னி ஆன்டெனா, அதாவது சுற்றிலும் எல்லாப் பக்கமும் சிக்னல் அனுப்பும் ஆன்டெனா மாட்டினால் கீழ்த்தளம் வரை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. ஆன்டெனா சக்தியைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இருப்பதைக் குவிக்கிறது. எவ்வளவு குவிக்கிறது என்பதற்கான அளவுதான் டிபிஐ. டிபிஐ கூடக் கூட ஓம்னியின் அலை தோசை மாதிரி தட்டையாகப் பரவும். பக்கத்து வீட்டு மாடிக்கு எட்டும், நேர் கீழே இறங்காது. கான்கிரீட் வேறு தடுக்கும். தளத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், 2 அல்லது 3 டிபிஐ ஆன்டெனாவோடு வையுங்கள்.

எதிர்க் கட்டடத்துக்கு இணைப்பு வேண்டுமா? சரி, ஒரே திசையில் குவித்து அனுப்பும் பேனல் ஆன்டெனா வாங்கலாம். ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை நீட்டாதீர்கள்: அதில் 3 டெசிபல் இழந்தாலே பாதி சக்தி போய்விடும்.

அப்புறம், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வாங்கும்போது பழைய ஆன்டெனாவைக் கையோடு கொண்டுபோங்கள். ஆன்டெனாவைத் திருகி மாட்டும் கனெக்டரில் எஸ்எம்ஏ, ஆர்பி எஸ்எம்ஏ என இரண்டு வகை; இரண்டுக்கும் மரை ஒன்றுதான். ஆனால் நடுப் பின் பொருந்தாவிட்டால் சிக்னலே போகாது.