அம்மா தட்டுவது யாருக்காக?

கேள்வி: பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காருகிறேன். மனம் நன்றாக அடங்கியிருக்கிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மா, ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவதைக்கூட வெறும் ஒலியாகப் பார்க்கப் பழகிவிட்டேன். ஆனால் மனைவி கோபத்தில் பாத்திரத்தை உருட்டினால் எல்லாம் குலைந்துவிடுகிறது. புத்தர் சொன்ன சமநிலையை வீட்டில் எப்படிக் காப்பாற்றுவது?
– ஈரோடு வாசகர்

பதில்: மனைவி உருட்டும் பாத்திரம் கிடக்கட்டும். அந்த டம்ளருக்கு வருவோம்.

வாய்விட்டுக் கூப்பிட முடிந்தவர் டம்ளரைத் தட்ட மாட்டார். தாகமாக இருக்கும், அல்லது படுக்கை நனைந்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு யார் எழுந்து போகிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. நீங்கள் கண்ணை மூடியிருக்கிறீர்கள். வீட்டில் மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். அவருக்கு ஏன் கோபம் வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கடிதம் போட வேண்டுமா?

புத்தரைச் சாட்சிக்கு அழைத்தது நீங்கள். அவர் வழியில் வளர்க்க வேண்டிய மனநிலைகள் நான்கு: மைத்திரி என்ற அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை, உபேக்கை. சமநிலை என்று நீங்கள் சொல்வது நான்காவது. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து அதில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். (முகாமின் பத்தாம் நாளில் மைத்திரியும் சொல்லித் தருவார்களே, அதற்குள் ஊர் திரும்பும் நினைப்பு வந்துவிட்டதா?) ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர், உபேக்கைக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும் என்றார். கிட்டத்துப் பகை என்று அவர் வைத்தது அறியாமையில் வரும் அசட்டையை. பார்ப்பதற்கு அது உபேக்கை போலவே இருக்கும். அதனால்தான் ஆள் ஏமாறுகிறான்.

நான்கு பிள்ளை பெற்ற தாயைப் பற்றியும் அவரே சொல்கிறார். கைக்குழந்தை வளர வேண்டும் என்று அவள் நினைப்பது மைத்திரி. நோயில் கிடக்கும் பிள்ளை தேற வேண்டும் என்று தவிப்பது கருணை. வாலிபப் பிள்ளையின் மகிழ்ச்சி நீடிக்க வேண்டும் என்பது முதிதை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லாமல் இருக்கிறாளே, அதுதான் உபேக்கை. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவிடம் நீங்கள் காட்டுவது இதில் எது?

வயிற்றுப்போக்கில் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் கண்ட செய்தி, துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் இருக்கிறது. மற்ற பிக்குகள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவிவிட்டார். இருவரும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்று புத்தர் சொன்னது அப்போதுதான். மலம், சிறுநீர், எச்சில், வாந்தியை எடுக்க அருவருக்காமல் இருப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்கு அவர் சொன்ன தகுதிகளில் ஒன்று. உங்கள் சமநிலையைச் சோதிக்க வேண்டுமென்றால் அங்கே சோதியுங்கள்.

பெற்ற தாயைப் பார்ப்பது மகனுடைய கடமை. மருமகள் செய்வது உதவி. அந்த உதவியை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டு, அவர் முகம் சுளிக்கிறார் என்று புகார் எழுதுவது அழகல்ல. நான் பழைய காலத்து ஆள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

தியானத்தை விட வேண்டாம். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டம்ளர் சத்தம் கேட்டால் எழுந்திருங்கள். இரவு முழுவதும் உங்கள் பொறுப்பு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அதற்கு அலாரம் வையுங்கள். இன்றே அம்மாவின் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் மனைவியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.