மாமனாரின் பழைய ரைபிளில் 1917, 42, 2.222 என்று என்னென்னவோ இருக்கிறது. இது எந்தத் துப்பாக்கி?

கேள்வியின் சுருக்கம்: கனடாவில் இருக்கும் மாமனாரிடம் (லைசென்ஸ் உண்டு) மான் வேட்டைக்காக யாரோ மாற்றியமைத்த ராணுவ ரைபிள் ஒன்று இருக்கிறது. முன்பக்க மரம் பாதி இல்லை, பின்கட்டை புதிது, பேரலும் (குழல்) குட்டை. பேரலில் 2.222, 18.5 டன், இங்கிலாந்து, கிரீடத்தோடு பி.என்.பி., ஓரத்தில் 42. கட்டை சொருகும் இரும்பில் கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ., 1917, ரோமன் மூன்று, ஒரு நட்சத்திரம்.

முதலில் அந்த 2.222-ஐ விடுங்கள். அது மாடல் நம்பர் இல்லை; .303 தோட்டாக் கூட்டின் நீளம், அங்குலத்தில். பக்கத்தில் உள்ள 18.5 டன், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு. ரைபிளை வெளியாருக்கு விற்கும் முன் சோதித்துப் பார்த்து அடித்த முத்திரைகள் இவை. பெரிதாகவும் தெளிவாகவும் இருப்பதால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் துப்பாக்கி எங்கே பிறந்தது என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது வலது பக்கம், பின்கட்டை போய்ச் சொருகும் அந்த இரும்பு. வேட்டைக்காரர் மரத்தை அறுப்பார், பேரலைக் குறைப்பார், குறிமுள்ளைக் கழற்றி எறிவார். இந்த இடத்தில் கை வைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. உங்களுடையது பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனி 1917-ல் செய்த ஷார்ட் லீ என்ஃபீல்ட், மார்க் 3 நட்சத்திரம். ஜி.ஆர். என்பது ஐந்தாம் ஜார்ஜ். நட்சத்திரம், முதல் உலகப்போர் நடுவில் வேலையைக் குறைக்கச் செய்த மாற்றத்தின் அடையாளம்: மேகசினை (தோட்டாப் பெட்டி) மறைக்கும் தகடு, நெடுந்தூரக் குறி போன்றவற்றை விட்டுவிட்டார்கள். நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் "த்ரீ நாட் த்ரீ" என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான்.

அப்படியானால் 42? அது பேரலின் வருஷம். சுட்டுத் தேய்ந்த பேரலைக் கழற்றி வேறு மாட்டுவது ராணுவத்தில் சாதாரணம். பி.என்.பி. முத்திரை பர்மிங்ஹாம் சோதனைச் சாலையுடையது. 1954 முதல் வந்த வடிவம். ஆக, 1917-ல் பிறந்து, இரண்டாம் போரின்போது பேரல் மாறி, 1954-க்குப் பிறகு இங்கிலாந்தில் வியாபாரிகள் கைக்குப் போய், அதன் பிறகு கடல் கடந்திருக்கிறது. மரத்தை அறுத்தது அங்கேயா கனடாவிலா என்று முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது. மரத்தை வைத்துத் தேதி சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை.

அடுத்து நம்பரைப் பாருங்கள். ரிசீவரின் (பேரலைத் திருகி மாட்டும் இரும்பு உடல்) முன்வளையத்தில் வலப்பக்கம் உள்ள எண், போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடியின் பின்பக்கம் உள்ள எண், பேரலில் உள்ள எண். மூன்றும் ஒன்றானால் நல்லது. போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால், கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அளந்து பார்க்கும்வரை சுட வேண்டாம். பேரலைக் குறைத்தது சோதனைக்கு முன்பா பின்பா என்பதும் தெரியாது என்பதால், எப்படியும் ஒரு தடவை அவரிடம் காட்டுவதே நல்லது.

சின்ன அம்புக்குறியையும் தேடுங்கள். தனி அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. சி என்ற எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா ராணுவம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். டி.பி. என்று எங்காவது இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கி, அதைச் சுடவே கூடாது.

இந்தியாவில் இஷாபூர் அரசுத் தொழிற்சாலையில் செய்ததாக இருந்தால் ஜி.ஆர்.ஐ. என்றிருக்கும், விடுதலைக்குப் பிறகானது என்றால் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம். இஷாபூரில் பலவற்றைத் துளை பெரிதாக்கி .410 மஸ்கட் (உள்ளே வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கி) ஆக்கினார்கள், போலீசுக்கும் சிறைக் காவலுக்கும். தோட்டா ஒன்று ஒன்றாகத்தான் போட வேண்டும். போலிகளும் உண்டு: கைபர் கணவாய்ப் பக்கம் கையால் செய்தவற்றில் ஆங்கில N எழுத்து திரும்பி நிற்கும், இந்த மாடல் வருவதற்கு முன், 1901-லேயே இறந்துபோன விக்டோரியாவின் முத்திரை இருக்கும்!

மங்கிய எழுத்தைப் படிக்க சாண்ட்பேப்பர் வேண்டாம், அப்புறம் எழுத்தே இருக்காது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் பள்ளங்கள் நிழல் விழுந்து தெரியும். சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தாலும் எழுத்து நிற்கும். பேரலின் அடிப்பக்கம் பார்க்க ஆசைப்பட்டால் முன்மரத்தை முதலில் கழற்றுங்கள், பின்கட்டையை அப்புறம். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகாணியின் சதுர முனை முன்மரத்தில் உள்ள தகட்டுக்குள் நிற்கும். வரிசை மாறி அதைத் திருகினால், மீதி இருக்கும் பாதி மரமும் பிளந்துவிடும்.