கோலி நாய்க்கு உண்ணி ஊசி போடலாமா?

கேள்வி: கணவரின் நண்பர் வெளிநாடு போகும்போது தன் ஸ்மூத் கோலியை எங்களிடம் விட்டுச் சென்றார். ஏழு மாதப் பெட்டை, 16 கிலோ எடை. முகவாயிலும் காது நுனியிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருக்கிறது. உண்ணியும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் நாய்களைப் பார்த்துக்கொள்பவர், "ஒரே ஊசி, ரெண்டும் போயிடும்" என்கிறார். கோலிக்கு அந்த ஊசி ஆகாது என்று என் தங்கை தடுக்கிறாள். யார் சொல்வது சரி? பிற்பாடு குட்டி போட விடலாமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தங்கை சொல்வதுதான் சரி. அந்த ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டினாக இருக்கும். மாட்டுக்குப் போடும் 1 சதவீதக் குப்பியிலிருந்து எடுப்பார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை அதைப் போட விடாதீர்கள்.

அதற்காக ஐவர்மெக்டின் கெட்ட மருந்து என்று எண்ண வேண்டாம். சிக்கல் அளவில்தான். அந்தக் குப்பியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். இது கோலிக்கும் ஆபத்தில்லாதது. உங்கள் நாயின் எடைக்கு மொத்தம் 96 மைக்ரோகிராம் வரும். அதைக் குப்பியிலிருந்து எடுப்பதானால் 0.01 மில்லிகூட வராது. சிரிஞ்சில் அளக்கவே முடியாத துளி அது. சொறிக்குப் போடும் அளவோ கிலோவுக்கு 300 முதல் 400 மைக்ரோகிராம், அதாவது ஏறக்குறைய அரை மில்லி. ஐம்பது மடங்குக்கும் மேல். மரபுக்குறை உள்ள கோலிக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமே நஞ்சாகிவிடும். நாட்டு நாய்க்கு அதே அரை மில்லியைப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகாததைப் பார்த்தவர், கோலிக்கும் அப்படித்தான் என்று நம்புவதில் வியப்பில்லை.

காரணம் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையப் பார்க்கும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும் புரதத்தை உண்டாக்குவது இதுதான். கோலிகள் பலவற்றில் இந்த மரபணுவின் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதால் புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு நாய்க்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இந்த மரபணு இரண்டு பிரதிகளாக வரும். கோலிகளில் சுமார் 70 சதவீதத்துக்கு ஒரு பிரதியிலாவது இந்தக் குறை இருக்கிறது. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் பாதி, ஜெர்மன் ஷெப்பர்டில் பத்தில் ஒன்று.

இந்த இனங்கள் எல்லாவற்றிலும் விடுபட்டிருப்பது அதே நான்கு எழுத்துகள்தான். மரபணுவைப் பின்னோக்கித் தொடர்ந்த ஆய்வாளர்கள், 1873க்கு முன்பு, இனப் பதிவேடுகள் தொடங்கும் முன்பு, பிரிட்டனில் வாழ்ந்த ஒற்றை நாயிடம் போய் நின்றார்கள். நம்மூரில் ஆட்டுக்கிடைக்குக் காவல் நிற்கும் நாய் வேறு, கோலி வேறு. ஸ்காட்லாந்து மலைகளில் மந்தையை மடக்கித் திருப்பிய வேலைக்கார நாய் இது. 1860களில் விக்டோரியா அரசிக்குப் பிடித்துப்போனதும் கண்காட்சி நாயானது. எல்லோரும் அடர்முடிக் கோலியையே தேடியதில் முடி குட்டையான ஸ்மூத் கோலி பின்தங்கியது. இன்று பிரிட்டனின் கென்னல் கிளப் அதை அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வளர்ப்பவரைக் கேட்டால், நம் வெயிலுக்கு இந்தக் குட்டை முடிதான் தோது.

இப்போது தோலுக்கு வருவோம். அது சொறிதான் என்று யார் முடிவு செய்தது? மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூச்சி தெரிந்தால் சொறி. தெரியவில்லை என்றால், கோலிகளிடம் அதிகம் காணப்படும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்ற பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வயதுக்குள் முகம், காது நுனி, வால் நுனி, கால் மூட்டு ஆகிய இடங்களில் முடி கொட்டிப் பொருக்குக் கட்டும். அரிப்பு அதிகம் இருக்காது. முற்றினால் மென்று தின்னும் தசை சுருங்கி, தண்ணீர் குடிக்கவே சிரமப்படும். வெயில் பட்டால் கூடும். இதை உறுதி செய்வது தோல் சதைப் பரிசோதனை. நீங்கள் சொல்லும் இடங்கள் இதற்கும் பொருந்துகின்றன என்பதுதான் என் கவலை. இல்லாத பூச்சிக்கு, ஆகாத மருந்தை அதிக அளவில் போட்டு, நோயையும் விட்டுவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

உண்ணிக்குப் பயப்பட வேண்டாம். ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் வகை மாத்திரைகளை எடைக்கேற்ற அளவில் கோலிக்கும் கொடுக்கலாம். சொறிப் பூச்சிக்கும் கேட்கும். ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாப்பிடாமல் படுத்துக்கொண்டு ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பாருங்கள். அதற்குத் தரும் டாக்சிசைக்ளினுக்கும் இந்த மரபணுவுக்கும் சம்பந்தமில்லை.

ஐவர்மெக்டினோடு விஷயம் முடிவதில்லை. வயிறு கழிகிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து லோபராமைடு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் போகும்போது அசிப்ரோமசின், பியூட்டோர்பனால் மயக்க மருந்துகளின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதி குறை இருந்தால் 25 சதவீதமும், இரண்டும் குறை என்றால் 30 முதல் 50 சதவீதம் வரையும் குறைப்பார்கள். பெட்டை நாய்க்கு இன உறுப்புக் கட்டி தெருநாயிடமிருந்து தொற்றக்கூடும். அதற்குப் போடும் வின்கிறிஸ்டின் இந்த நாய்களின் எலும்பு மஜ்ஜையைக் கடுமையாகத் தாக்கும். இன்னொன்று, நடக்கக் கூட்டிப்போகும் வழியில் சாணம். புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தில் மருந்து இருக்கும். மேய்ப்பு நாய்க்குச் சாணம் என்றால் நாக்கு ஊறும். வாரைக் குட்டையாகப் பிடியுங்கள்.

யாராவது ஊசியைப் போட்டேவிட்டால், எச்சில் வடிதல், விரிந்த கண்மணி, தள்ளாட்டம், பார்வை இழப்பு, நடுக்கம் ஆகியவற்றைக் கவனியுங்கள். சில மணி நேரத்திலேயே தொடங்கலாம். முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, உடல் சூட்டைக் காத்து, தேவைப்பட்டால் சுவாசக் கருவியும் வைத்து நாள்கணக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் இரவுப் பணியும் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பரிசோதனை எளிது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து, காற்றில் காயவைத்து உறையிலிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடித்து மாதிரி வீணாகும். ஊதா மூடிக் குழாயில் ரத்தமாகவும் அனுப்பலாம். இரண்டு பிரதியும் நலம், ஒன்று குறை, இரண்டும் குறை என மூன்றில் ஒன்று முடிவாக வரும். கோலிகளுக்குப் பிறவியிலேயே வரும் பரம்பரைக் கண் குறைபாட்டுக்கும் அதே மாதிரியில் சேர்த்துக் கேளுங்கள். கண்ணைப் பார்த்துச் சொல்ல உகந்த வயது 6 முதல் 8 வாரம். பிறகு லேசான குறையை நிறமி மூடிவிடும் என்பதால் இப்போது மரபணுப் பரிசோதனைதான் வழி. முடிவை மருத்துவக் கோப்பின் அட்டையில் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள்.

குட்டி விஷயம். தோல் நோய் உறுதியானால் இணை சேர்க்கவே கூடாது. அது இல்லை, எம்.டி.ஆர்.1 குறை மட்டும்தான் என்றால் ஒதுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. குறையுள்ள 70 சதவீதத்தையும் தள்ளிவிட்டால் மிச்சம் 30 சதவீதம். ஏற்கெனவே அருகிய இனத்தில் அது சொந்தத்துக்குள்ளேயே சுற்றும். தாய்மாமனைக் கட்டினால் பிள்ளைக்கு வரும் உட்கலப்பு அளவு 12.5 சதவீதம், அத்தை மகனைக் கட்டினால் 6.25. நாய் வளர்ப்பில் அப்பனையும் மகளையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது 25. எனவே இரண்டு பிரதியும் குறையுள்ள பெட்டைக்கு, இரண்டும் நலமான கடுவனைத் தேடுங்கள். குட்டிகள் எல்லாமே ஒரு பிரதியோடு பிறக்கும், இரண்டும் குறையுள்ளது ஒன்றுகூட இருக்காது. உங்கள் நாய் சாம்பல் திட்டுள்ள மெர்ல் நிறமானால் இன்னொரு மெர்லோடு சேர்க்காதீர்கள். நான்கில் ஒரு குட்டி இரட்டை மெர்லாகும். செவிடும் கண் குறையும் அவற்றில் அதிகம்.

இரண்டு வயதுக்கு முன் எதுவும் வேண்டாம். அதற்குள் அந்த நண்பரை அழைத்து, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் இருந்தால் மூன்று தலைமுறைப் பெயர்களையும் வாங்கி வையுங்கள். கடுவனின் சான்றிதழில் அதே தாத்தா பெயர் வருகிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.